நான்கு மாசிலாமணிகள்

1

அப்பா காலமாகி நேற்றோடு ஒரு வருடம் முடிந்தது. நேற்றுக் காலையிலும் செம்பூரில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பால் சென்டரில் காலி பாட்டில் வாங்கி வைக்கிற பெண், "ஏ மசாலாமணி, கார்டு எங்கே?" என்று ஹிந்தியில் அதட்டினாள். மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து அறைக்காரர் ஜாதவ், "என்ன மசாலாமணி, ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்க மாட்டாயா?" என்று மராட்டியில் கேட்டார்.

அவர்கள் கூப்பிட்டது என்னைத்தான். ஆனால் மாசிலாமணி என் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயர். என் பெயர் ஞானமுத்து. ஊரில் இருக்கிற உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எம். ஞானமுத்து என்றால் மாசிலாமணி மகன் ஞானமுத்து, அவ்வளவுதானே என்பீர்கள். அந்த 'அவ்வளவுதானே' பம்பாயில் செல்லாது. இங்கே ஒரு மனிதனுக்கு மூன்று பெயர் வேண்டும். தன் பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, கடைசியில் குடும்பத்துக்கெல்லாம் பொதுவாக ஒன்று. அந்தக் கடைசிப் பெயரை மராட்டியில் ஆட்நாவ் என்கிறார்கள். அது இல்லாதவனை, சட்டை போடாமல் ஆபீசுக்கு வந்துவிட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்த முதல் நாள், பெரிய குமாஸ்தா என் பெயரைக் கேட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொள்கிற வயதான மராட்டியர்.

"எம். ஞானமுத்து" என்றேன்.

"எம் என்றால்?"

"மாசிலாமணி. என் அப்பா."

"சரி, அப்பாவின் ஆட்நாவ் என்ன?"

"அவருக்கும் கிடையாது. அவர் வி. மாசிலாமணி."

"வி என்றால்?"

"வேதமாணிக்கம். அவருடைய அப்பா."

மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இப்படியே போனால் சாயங்காலத்துக்குள் பிரம்மாவைப் போய்ப் பிடித்துவிடலாம்" என்றார். பிறகு யாரையும் கேட்காமல் அவரே எம்மை விரித்து, கடைசியில் கொண்டுபோய் வைத்தார். ஞானமுத்து மாசிலாமணி. முதல் பாதி அவர்கள் வாயில் நுழையவில்லை. இரண்டாம் பாதி ஒரு வாரத்திலேயே மசாலாமணி ஆகிவிட்டது. மாசு இல்லாத மணி என்று எங்கள் தாத்தா பார்த்துப் பார்த்து வைத்த பெயரில் மிளகாயும் மல்லியும் சேர்ந்துவிட்டன.

தாராவியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்ப் பையன்களுக்கும் இதே கதைதான், ஆளுக்கு ஒரு விதமாக. ஒருவன் ஆட்நாவ் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்கிறார்கள் போலும் என்று நினைத்து ஊர்ப் பெயரைச் சொன்னான். இன்னொருவன் ஜாதிப் பெயரைச் சொன்னான். கூடப் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் ஊர்ப் பெயரையும் தம்பி அப்பா பெயரையும் கொடுத்துவிட்டார்கள். ரேஷன் கார்டு விசாரிக்க வந்த ஆள் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதைக் கடைசிவரை நம்பவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. மூக்கைக் காட்டிக் காட்டிச் சொன்னார்கள், எடுபடவில்லை.

சிரிக்கிறேனே தவிர, எனக்கு அப்போது உள்ளுக்குள் எரிந்தது. நம் பக்கத்தில் அப்பா பெயரை மகன் வாய்விட்டுச் சொல்லவே யோசிப்பான். யாராவது பெரியவர் கேட்டால் குரலைத் தணித்துக்கொண்டு சொல்வான். இங்கே ஆபீஸ் பியூன் முதல் துரை வரை எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லி, "மசாலாமணி, இதர் ஆவ்", "மசாலாமணி, இந்தப் பேப்பரைத் தொலைத்தது யார்?" என்று நாள் முழுக்கக் கத்தினார்கள். திட்டு வாங்குவது நான், திட்டப்படும் பெயர் அவருடையது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது இதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

2

கல்யாணமாகி ரத்தினம் வந்து சேர்ந்தபோது தாராவி அறையை விட்டுவிட்டுச் செம்பூரில் ஒரு சாலுக்கு மாறினோம். நீள வராந்தா, அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் எல்லாருக்கும் பொதுவாகத் தண்ணீர்க் குழாய். அந்த வராந்தாவில் ரத்தினத்துக்குப் பெயர் மிஸஸ் மாசிலாமணி. மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது. உச்சரிக்கக் கூடாத அந்தப் பெயரே அவளுடைய பெயராகிவிட்டது. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பேசாமல் கார்டை நீட்டுவாள். டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் கேட்டால் கிரேஸின் தோளைத் தொடுவாள். எங்கள் மகள் கிரேஸ் மணி மணியாகச் சொல்லிவிடும். ரத்தினம் புருஷன் பெயரையும் சொல்ல மாட்டாள், மாமனார் பெயரையும் சொல்ல மாட்டாள். முன்னாலும் பின்னாலும் பூட்டுப் போட்டாயிற்று.

கிரேஸ் பள்ளிக்கூடம் போன முதல் வருடமே ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் பாட்டீல் என்று நாலைந்து பிள்ளைகள், ஷிண்டேயும் அப்படித்தான். டீச்சர் "பாட்டீல்" என்றால் நாலைந்து பேர் எழுந்து நின்று சிரிக்கிறார்களாம். "மாசிலாமணி"க்கு இவள் ஒருத்திதான் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

"அப்பா, நம்ம சர்நேம்ல இன்னும் யாரெல்லாம் ஹை?" என்று கேட்டாள். என் மகளின் தமிழ் அப்படித்தான், பாதி ஹிந்தி.

"இங்க நாம மூணு பேர்தான்மா."

"பஸ்? அவ்ளோதானா?"

அவ்வளவுதான். வராந்தாவில் நின்றுகொண்டிருந்த ஜாதவ் கேட்டுவிட்டு, மகாராஷ்டிரத்தில் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் ஒரு ஜாதவ் வந்து பெட்டியைத் தூக்குவான் என்று பெருமையடித்தார். எனக்கு அந்த மனிதர் மேல் அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பிற்பாடு மதராசிகள் மேல் பம்பாய்க்குக் கோபம் வந்த சமயத்தில், பெயர்ப்பலகைகளை எல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆபீசில் ஒரு நல்ல மனிதர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "உன் பெயரின் வாலை மட்டும் வைத்துக்கொள். மணியைக் கொஞ்சம் இழுத்தால் மானே. மானே என்பது எங்கள் பெயர், யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கானால், அப்பாவின் தலையைச் சீவிவிட்டுக் காலை மட்டும் வீட்டில் வைத்துக்கொள் என்று சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான், அந்தப் பெயரை எவ்வளவு கத்தினாலும் கத்தட்டும், முழுசாகக் கத்தட்டும் என்று முதல்முறையாக நினைத்தேன்.

3

ஊரில் நான் சிறுவனாக இருந்தபோது நான்கு மாசிலாமணிகள் இருந்தார்கள். கடை மாசிலாமணி, நெட்டை மாசிலாமணி, ஓட்டுவீட்டு மாசிலாமணி. நாலாவது என் அப்பா, சைக்கிள் மாசிலாமணி. கருப்பட்டி மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் கணக்கெழுதப் போய்வர ஊரில் முதன்முதலாகச் சைக்கிள் வாங்கியவர். கோயில் வாசலில் நின்று மாசிலாமணி என்று கூப்பிட்டால் நாலு தலை திரும்பும். கூப்பிட்டவன் பிறகுதான் எந்த மாசிலாமணி என்று சொல்லுவான். ஞானமுத்துகளும் குறைச்சல் இல்லை. என் வகுப்பில் மட்டும் இரண்டு பேர். அப்பா வாசலில் நின்று "ஏலே ஞானமுத்து" என்று குரல் கொடுத்தால் எதிர்த்த வீட்டிலிருந்தும் ஒருவன் "என்னப்பா" என்பான். "உன்ன இல்லலே" என்று அவனுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அந்த இரைச்சல் எனக்கு இங்கே இல்லை. சர்ச்கேட்டிலும் தாதரிலும் ஆயிரம் பேர் நடுவில் நடக்கிறேன். என் பெயரைச் சொல்லி யாரும் தப்பாகக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ஊரில் பாதி நேரம் வேறு யாருக்கோ வந்த அழைப்புக்குத் திரும்பியிருக்கிறேன். அந்தத் தப்புக்கு நான் எவ்வளவு ஏங்குகிறேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

4

கிரேஸுக்குப் பிறகு பல வருடம் கழித்து மகன் பிறந்தான். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். என் அண்ணனுக்கு அப்படித்தான் எங்கள் தாத்தா பெயரை வேதமாணிக்கம் என்று வைத்தார்கள். அவன் பால் குடிக்கிற வயதிலேயே போய்விட்டான். எனக்கு அப்பா தன் இஷ்டப்படி ஒரு பெயர் வைத்தார். ஆகவே மாசிலாமணி என்ற பெயரை வாங்கிக்கொள்ள இந்த உலகத்தில் இருந்தது என் மகன் ஒருவன்தான். பிறந்த செய்தியை எழுதும்போதே, உங்கள் பெயரைத்தான் வைக்கப் போகிறோம், ஞானஸ்நானத்துக்கு வாருங்கள் என்று சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். அக்கா வீட்டில் இருந்த அப்பா, வயதைப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் ரயில் ஏறிய பிறகுதான் ஜாதவ் அதைக் கேட்டார். "பையனுக்கு என்ன பெயர்?"

"மாசிலாமணி."

"அது ஆட்நாவ். பெயர்?"

"பெயரும் அதுதான்."

அவர் விரல் விட்டுச் சொல்லிப் பார்த்தார். மாசிலாமணி ஞானமுத்து மாசிலாமணி. வராந்தாவே அதிரச் சிரித்தார். "லோக்கல் ரயில் மாதிரி இரண்டு பக்கமும் இஞ்சினா?" என்றார். சிரிப்பு அடங்கியதும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் படுத்தி எடுத்துவிடுவார்கள், யோசித்துச் செய் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கிரேஸையே மசாலா, மசாலா என்று அழவைத்திருக்கிறார்கள். இரண்டு மசாலாவோடு ஒருவன் போனால் என்ன ஆவான்? ஆனால் அப்பா பெயரைச் சூட்ட வருகிறார். மூன்று நாளாக ரயிலில் வருகிறார். அவர் முகத்தைப் பார்த்து, வைக்கப் போவதில்லை என்று எப்படிச் சொல்வது?

தாதரில் இறங்கியவர் ஒரு கையில் கருப்பட்டிச் சிப்பத்தோடு நின்றார். மெலிந்திருந்தார். "ஏலே ஞானமுத்து, என்னலே இப்பிடி எளச்சிட்ட?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் கேள்வியை விட்டுவிட்டு, பெயருக்கு மட்டும் "என்னப்பா" என்றேன். அந்தப் பெயரைக் காதால் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் நான் பயந்தது நடந்தது. வராந்தாவில் எவனோ, "மசாலாமணி! ஓ மசாலாமணி! தண்ணீர் நிற்கப் போகிறது!" என்று கத்தினான். அப்பா பாயிலிருந்து எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "யாருப்பா அது? வாரேன்" என்று வெளியே போய் நின்றார். கத்தியவன் அவரைத் தாண்டி என்னிடம் வந்து வாளியைக் கொடுத்தான். அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்தார். சற்று நேரத்தில் கிரேஸின் சிநேகிதிகள் வந்து, "மாசிலாமணி, பள்ளிக்கூடம் போகலாமா?" என்றார்கள். கிரேஸ் "ஆயீ, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு ஓடியது. அப்பா திறந்த வாய் மூடவில்லை.

அன்று முழுக்க அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாயங்காலம் அவரைக் கிங்ஸ் சர்க்கிளுக்குக் கூட்டிப் போய் டிபன் வாங்கிக் கொடுத்தேன். காபியை ஆற்றிக்கொண்டே, நானாக ஆரம்பித்தேன்.

"அப்பா, மனசுல வச்சுக்காதிய. இங்க உள்ள ஆளுகளுக்கு மட்டு மரியாத தெரியாது. உங்க பேரக் கண்டவனும் வாய்க்கு வந்தபடி..."

"கூப்பிடட்டும்லே" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல என் பேரச் சொல்ல ஆள் ஏது? கடக்காரன் போயிட்டான். நெட்டையன் போயிட்டான். ஓட்டுவீட்டுக்காரன் போன வருசம். இப்பம் சைக்கிள் மாசிலாமணின்னு சொல்லுததே இல்ல. ஒருத்தன்தான இருக்கேன், எந்த மாசிலாமணின்னு எவன் கேக்கப் போறான்? சைக்கிள் மொதல்ல போச்சு. அப்பறம் மாசிலாமணியும் போச்சு. அண்ணாச்சிங்கான், தாத்தாங்கான், கிட்டங்கிப் பெரியவர்ங்கான். உங்கம்மயாவது சொன்னாளா, அவளும் சொல்லாமலே போயிட்டா. இப்பம் ஞானஸ்நானம் வாங்குத பிள்ளைக எல்லாம் எட்வினும் ஸ்டான்லியும்தான். காலைல அந்தப் பய கத்துனாம் பாரு, எத்தன வருசத்துக்கப்பறம் என்ன எவனோ விளையாடக் கூப்பிடுதாம்னு நெனச்சேன்."

நான் இத்தனை வருடமும் வெட்கப்பட்டு மறைத்த கத்தல் அவருக்கு இப்படிக் கேட்டிருக்கிறது. எனக்கு அழுகையும் வந்தது, அவரிடம் கோபமும் வந்தது. ஏன் கோபம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் தங்கியிருந்த நாளெல்லாம் வராந்தாவில் யார் மசாலாமணி என்றாலும் அவரே முதலில் "ஓ" என்பார். பாஷை தெரியாமலே ஜாதவோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கிரேஸ் அவரிடம், "தாத்தா, உங்க சர்நேமும் நம்ம சர்நேமா?" என்று கேட்டபோது, பொம்பளைப் பிள்ளைக்கும் என் பேரா என்று என்னைத் திரும்பித் திரும்பிக் கேட்டார். நம் வழக்கத்தில் அவர் பெயர் ஒரு பேரனுக்குத்தான் போகும். இங்கே மகன், மருமகள், பேத்தி என்று வீடு முழுக்க அது இறைந்து கிடந்தது.

5

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சொல்லியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. சாப்பாடு முடிந்து அப்பா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு இஞ்சின் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாசிலாமணி ஞானமுத்து மாசிலாமணி என்று வரும், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்றேன். வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, இங்க உன்ன ஞானமுத்துன்னு கூப்பிடுதது யாரு?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "யாரும் இல்லப்பா."

"ஆபீஸ்ல?"

"மாசிலாமணிதான்."

"தாராவில நம்ம ஊர்ப் பயலுவ?"

"அண்ணாச்சிம்பானுவ."

"அவ?" என்று அடுப்புப் பக்கம் தாடையை நீட்டினார்.

"அவ எப்பிடிப்பா சொல்லுவா?"

"அப்பம் நான் ஒருத்தன்தான்" என்றார். பிறகு, "பிள்ளைக்கு ஞானமுத்துன்னே வையி" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் பெயரைத் தன் பிள்ளைக்கே எவனாவது வைப்பானா, நம் ஊரில் கேட்டால் காறித் துப்புவார்கள் என்றேன். ஞானமுத்து ஞானமுத்து மாசிலாமணி, அப்போதும் இரண்டு தடவை வருமே என்றேன்.

"வரட்டும்லே. என் பேரச் சொல்ல இங்க ஒரு ஊரே இருக்கு. பால்காரி சொல்லுதா, சாதவ் சொல்லுதாரு, அந்தப் பொட்டப் பிள்ளைக சொல்லுது. உன் பேருக்கு நான் ஒருத்தன். நான் போயிட்டா அதுவும் கெடையாது. ஒரு மனுசன் எத்தன வருசம் தன் பேரக் கேக்காம இருப்பான்? நான் இருந்து பாத்தவன், சொல்லுதேன்."

அதுவரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரத்தினம் திரும்பினாள். "மாமா, அப்பம் பிள்ளைய நான் என்னன்னு கூப்பிட?"

"அது உன் சாமர்த்தியம்மா" என்றார்.

மறுநாள் கோயிலில் பாதிரியார், எங்கள் பேச்சில் ஐயர், பெயரைக் கேட்டபோது நான் ஞானமுத்து என்றேன். அவர் தணிந்த குரலில், "தகப்பன் பேரு இல்ல, பிள்ள பேரு" என்றார். பின்னாலிருந்து அப்பா, "அதான் ஐயரே, போடுங்க" என்றார். பிறப்பைப் பதிகிற ஆபீசில், கைதவறி இரண்டு தடவை எழுதியிருக்கிறேன் என்று நினைத்து ஒன்றை அடிக்கப் போனார்கள். தடுத்து நிறுத்தினேன். ஜாதவ் கேட்டுவிட்டு, "இப்போது இரண்டு இஞ்சினும் முன்னாலேயா?" என்றார்.

ஆக, பம்பாயில் மாசிலாமணிகள் நான்கு பேர் ஆனோம். ரத்தினம் பிள்ளையை ராசா என்றும் சின்னவன் என்றும் கூப்பிட்டுச் சமாளித்தாள். கிரேஸ் பாபு என்றது. அப்பா ஊருக்குக் கிளம்புகிறவரை, "ஏலே ஞானமுத்து" என்று குரல் கொடுப்பார். நான் "என்னப்பா" என்று எழுந்து வந்தால் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருப்பார்.

6

போன வருடம் தந்தி வந்தபோது நான் ஆபீசிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தந்தி இங்கிலீஷில் இருந்ததால் ரத்தினம் அதை ஜாதவிடம் கொடுத்திருக்கிறாள். அவர் படித்தார். மாசிலாமணி இறந்துவிட்டார், அவ்வளவுதான் அதில் இருந்தது. ஜாதவுக்குத் தெரிந்த மாசிலாமணி நான். அப்பாவை அவர் கடைசிவரை 'பிதாஜி' என்றே சொல்லிவந்தார். அந்தப் பெயர் முதலில் அப்பாவுடையது என்பது அந்தப் பதற்றத்தில் ஜாதவுக்குத் தோன்றவே இல்லை. ரத்தினத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்துவிட்டார்.

நான் ஹார்பர் லைன் வண்டியிலிருந்து இறங்கும்போது பிளாட்பாரத்தில் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "தூ ஆஹேஸ்! தூ ஆஹேஸ்!" என்றார். நீ இருக்கிறாய், நீ இருக்கிறாய் என்று அர்த்தம். என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் அவர் சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்தார். நான் படிக்கப் படிக்க அவர் முகத்தில் சிரிப்பு மாறிக்கொண்டே வந்தது. அந்தப் பெயரை இரண்டு பேரும் பார்த்தோம். அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து என்னைவிடப் பெரிதாக அழுதார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஈர மண் காய்ந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், தாத்தா போயிட்டாக, பெரியவர் போயிட்டார் என்றார்கள். ஊரில் மாசிலாமணி என்று ஒருவர்கூட மிச்சம் இல்லை. பத்து நாளில் பம்பாய்க்குத் திரும்பினேன். வராந்தாவில் கால் வைத்ததும் ஒருவன், "மசாலாமணி, எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டான். யாரோ அப்பாவைப் பார்த்து விசாரித்த மாதிரி இருந்தது. ஊரில் வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது.

அந்தப் பெயர் அன்றிலிருந்து எனக்கு உறுத்துவதில்லை. உறுத்துவது இன்னொன்று. தாதரில் கேட்ட அந்தக் குரலை இனிக் கேட்க முடியாது. ஏலே ஞானமுத்து என்று சொல்ல யாரும் கிடையாது. அப்பா சொன்னபடிதான் நடந்தது. பிள்ளைக்குப் பெயர் வைத்தும் அது சும்மா கிடந்தது.

7

நேற்றுக் கோயிலில் அப்பாவுக்காக ஜெபம் பண்ணினார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறையில் பாயை விரித்துப் படுத்தேன். கதவு திறந்திருந்தது. ரத்தினம் வராந்தாக் கோடியில் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பையன் இப்போது நன்றாக நடக்கிறான், நடக்கிறான் என்பதைவிட ஓடுகிறான் என்று சொல்ல வேண்டும். அவன் காலடிச் சத்தம் வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தது. கண்ணை அசத்தியது.

"ஏலே ஞானமுத்து!"

உச்சஸ்தாயியில் ஒரு குரல். அடுத்த கணமே, "ஏலே ஞானமுத்து, நில்லுலே!"

நான் துள்ளி எழுந்து உட்கார்ந்து, "என்னப்பா" என்றேன்.

வாளி உருண்டது. யாரோ ஈரக் காலோடு ஓடினார்கள். மாடிப்படிப் பக்கம் பையன் வீறிட்டு அழுதான், பிறகு அழுகை நெருங்கி வந்தது. ரத்தினம் வாசலில் நின்றாள். இடுப்பில் பிள்ளை, சேலையெல்லாம் ஈரம், மூச்சு வாங்கியது. படியின் விளிம்பில் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டான் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ராசாவும் சின்னவனும் அந்த நேரத்தில் அவள் வாயில் வரவில்லை.

பாயில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் சிவந்து, பிள்ளையின் தலைக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

"உங்கள இல்ல" என்றாள்.

"தெரியும்" என்றேன். "இன்னொரு மட்டம் கூப்பிடு."